சம்பந்தி கட்டின சுவர்

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குள் மண்வெட்டியோடு நுழைந்தது மண்வெட்டிக்காரருக்கு அதுதான் முதல் தடவை. மற்ற நாளில் போனால் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒரு டீயைக் குடித்துவிட்டு, "வரேன் சம்பந்தி" என்று எழுந்துவிடுவார். பெண் கொடுத்த இடம். நாலு வார்த்தை பேசினால் தப்பு வராது, நாற்பது பேசினால் வரும் என்பது அவர் கணக்கு.

மகளுக்கு ஏழாம் மாதம். இடுப்புவலி அவளை உட்காரவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை. தினமும் கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் நடந்தால் பாரம் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். லாரி ஓட்டும் மருமகன் பெட்டியில் மடித்து வரும் நீச்சல் குளம் ஒன்றை வாங்கி இறக்கிவிட்டு, அடுத்த லோடுக்குப் போய்விட்டார். குழி வெட்டிக் கட்டுகிற குளம் இல்லை. கம்பிக்கால் மாட்டினால் தரைமேலேயே நிற்கும். பன்னிரண்டு அடி வட்டம், மூன்றடி உயரம். அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், மட்டமான தரை. உள்ளே நிற்கப்போவது எட்டு டன் தண்ணீர். தரை ஒரு பக்கம் ரெண்டு இஞ்சு சரிந்தாலும் கம்பிக்கால் வளையும், வளைந்தால் அத்தனை தண்ணீரும் சமையலறைக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகும்.

காலையில் சம்பந்தி கடைக்குப் போயிருந்த நேரம். மண்வெட்டிக்காரர் நடுவில் ஒரு முளை அடித்து, கயிற்றால் வட்டம் போட்டார். பிறகு டியூப்பில் தண்ணீர் பிடித்து, ஒரு தலைப்பை மகளிடம் கொடுத்தார். தண்ணீருக்குப் பொய் சொல்லத் தெரியாது. டியூப்பின் ரெண்டு தலைப்பிலும் அது ஒரே உயரத்தில்தான் நிற்கும். அதை வைத்து மேடு பள்ளம் பார்ப்பார்கள்.

பார்த்தார். திரும்பவும் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"பாப்பா, இந்தச் சுவர் மட்டமில்லாம ஓடுது."

பின்கட்டுச் சுவர் பூசாத செங்கல் சுவர். கொத்தனார் சம்பந்தி தன் கையால் கட்டியது. அழகை மறைக்கக் கூடாதென்றே பூசாமல் விட்டிருந்தார். அதன் செங்கல் வரிசை இடப்பக்கம் ரெண்டு இஞ்சு தூக்கியிருந்தது.

மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்பா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், வாயைத் திறந்துடாதீங்க. மாமாவோட தம்பி ஒரு தடவை 'இதுக்கு ஒரு பூச்சு கொடுத்தா என்ன'ன்னு கேட்டுட்டாரு. மூணு மாசம் பேச்சுவார்த்தை இல்ல. தினம் காலையில அந்தச் சுவரைத் தடவிக் கொடுத்துட்டுத்தான் டீயே குடிப்பாரு. நீங்க சாயங்காலம் போயிடுவீங்க. நான் இங்கதான் இருக்கணும்."

"நான் எதுக்கும்மா சொல்றேன்? எனக்கு வாய் இருக்கறதே டீ குடிக்கத்தான்."

கொத்தனார் வந்தார். வெள்ளை மீசை, காதில் பென்சில். வேலையை விட்டு வருஷங்களாகியும் பென்சில் மட்டும் காதை விட்டு இறங்கவில்லை.

"வாங்க சம்பந்தி. வட்டம் போட்டாச்சா? சபாஷ். மட்டம் பார்க்க நீங்க சிரமப்படவே வேண்டாம். இதோ, மூணாவது வரிசை." செங்கல் வரிசையைச் சுட்டிக்காட்டினார். "இதுல நூல் கட்டுங்க, கீழே ஒரு அடி அளந்து வெட்டிட்டே போங்க. மட்டம் பார்க்கிற ரசமட்டமே இதைப் பார்த்துத்தான் கத்துக்கணும்."

"அதுக்கென்ன சம்பந்தி, அப்படியே செஞ்சுடலாம்."

நூலும் கட்டினார்கள். ஆனால் மண்வெட்டிக்காரர் நூலைப் பார்த்து வெட்டவில்லை, மனசுக்குள் இருந்த தண்ணீரைப் பார்த்து வெட்டினார். முதுகு விண்ணென்று தெறித்தது. எத்தனையோ பேர் வீட்டு மண்ணை வெட்டிய முதுகு அது. கூலி வேலையில் வலித்தால் உட்கார்ந்துவிடலாம், மகள் வீட்டில் உட்கார முடியுமா? கொத்தனார் போனில் பேசப் போன சமயமாகப் பார்த்து, இடப்பக்கம் ரெண்டு இஞ்சு ஆழமாகவே இறக்கிவிட்டார்.

கொத்தனார் திரும்பி வந்து டேப்பை விட்டுப் பார்த்தார். மீசை துடித்தது.

"என்ன சம்பந்தி, இந்தப் பக்கம் ரெண்டு இஞ்சு கூடப் போயிட்டீங்களே! சரி விடுங்க, வெட்டின மண்ணையே போட்டு நிரப்பிடுங்க."

இங்கேதான் மண்வெட்டிக்காரர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். வெட்டின மண் வெட்டினதுதான். அதைத் திரும்பப் போட்டு எவ்வளவு மிதித்தாலும் எட்டு டன் ஏறினால் உட்கார்ந்துவிடும். சுவரைப் பற்றி வாயைத் திறக்காமல் இருக்க அவரால் முடியும். தன் கையாலேயே மகள் நிற்கப்போகிற இடத்தில் பொதபொதவென்று மண்ணைப் போட முடியாது.

"போட்ட மண்ணு நிக்காது சம்பந்தி."

"அப்போ எதுக்கு வெட்டினீங்க?"

"அது வந்து... காலையில டியூப் வச்சுப் பார்த்தேன். உள்ளே குமிழி இருந்திருக்கும் போல. தப்பாக் காட்டிடுச்சு. எல்லாம் என் தப்புதான்."

"குமிழியா? சுவர் குத்துக்கல்லாட்டம் நிக்கும்போது உங்களை யாரு டியூப்பைத் தொடச் சொன்னது? கொண்டாங்க அதை."

கொத்தனாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. டியூப்பைக் கொட்டிவிட்டு மறுபடி தண்ணீர் பிடித்தார். விரலால் சுண்டிச் சுண்டி ஒரு குமிழி விடாமல் விரட்டினார். "இப்பப் பாருங்க. ஒரு தலைப்பை நான் வலப்பக்கம் மூணாவது வரிசையில பிடிக்கிறேன். நீங்க இடப்பக்கம் பிடிங்க. சுவருக்கும் டியூப்புக்கும் ஒரு நூல் வித்தியாசம் வந்தாலும் என் மீசையை எடுத்துடறேன்."

மகள் வாசற்படியில் நின்று அப்பாவைப் பார்த்தாள். அப்பா மகளைப் பார்த்தார். டியூப்பைக் கையில் வாங்கினார். தண்ணீர் மூணாவது வரிசைக்கு நேராக இருக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கட்டைவிரலால் டியூப் வாயை அடைத்தார். வாயை அடைத்தால் தண்ணீர் நகராது.

"எப்படி இருக்கு?"

"அச்சு அசலா இருக்கு சம்பந்தி. கோடு போட்ட மாதிரி."

"சொன்னேன்ல!"

கொத்தனார் தன் பக்கத் தலைப்பைக் கொஞ்சம் ஏற்றினார், இறக்கினார். டியூப்புக்குள் தண்ணீர் செத்த பாம்பு மாதிரி அசையாமல் கிடந்தது. முப்பது வருஷம் டியூப் பிடித்த மனுஷன் அவர். மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"சம்பந்தி."

"சொல்லுங்க."

"கட்டைவிரலை எடுங்க."

எடுத்தார். இந்தப் பக்கம் தண்ணீர் ஒரு இஞ்சு இறங்கியது. அந்தப் பக்கம் ஒரு இஞ்சு ஏறியது. மேலும் கீழுமாக ரெண்டு தடவை ஆடி, நின்றுவிட்டது.

கொத்தனார் டியூப்பைப் பார்த்தார், செங்கல்லைப் பார்த்தார், மறுபடி டியூப்பைப் பார்த்தார். மண்வெட்டிக்காரர் கட்டைவிரலை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அப்போது சமையலறை ஜன்னலில் ஒரு தலை முளைத்தது. சம்பந்தியம்மா.

"ரெண்டு இஞ்சா? நான் மூணு இருக்கும்னு நினைச்சேன்!"

"உனக்கென்னடி தெரியும்?"

"எனக்குத் தெரியாம? இந்தச் சுவரை வச்சுத்தானே சமையலறைத் தரையும் மேடையும் போட்டீங்க! இருபத்தாறு வருஷமா வாணலியில எண்ணெய் ஒரே பக்கமா ஒதுங்குது. கேட்டா அடுப்புக்குக் கால் சரியில்லம்பீங்க. நானும் மூணு அடுப்பு மாத்திட்டேன். தரையைத் துடைச்சா தண்ணியெல்லாம் பிரிட்ஜுக்கு அடியில போய்ப் படுத்துக்குது. வெங்காயம் கைதவறி விழுந்தா நான் துரத்தறதே இல்ல. எங்கே போய் நிக்கும்னு எனக்குத் தெரியும்!"

கொத்தனார் மருமகள் பக்கம் திரும்பினார். "உனக்கும் தெரியுமா?"

அவள் தரையைப் பார்த்தபடி, "வந்த வாரமே தெரியும் மாமா. அத்தைதான் மூச்சு விடாதேன்னாங்க" என்றாள்.

"உன் புருஷனுக்கு?"

"அவருக்குச் சின்ன வயசுலேயே தெரியுமாம். கோலியை வச்சா தானா ஓடுமாம்."

கொத்தனார் தோண்டிப்போட்ட மண்மேட்டில் பொத்தென்று உட்கார்ந்தார். "அன்னிக்கு ரசமட்டத்தை வேற கட்டடத்துல வச்சுட்டு வந்துட்டேன். போய் எடுத்துட்டு வரச் சோம்பேறித்தனம். என் கண்ணை விடவா ரசமட்டம்னு நினைச்சுட்டேன்." கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "ஏன் சம்பந்தி, உண்மையைச் சொல்லுங்க. என்கிட்ட சொல்லவே பயப்படற அளவுக்கு அவ்வளவு பொல்லாதவனா நான்?"

மண்வெட்டிக்காரர் ஆகாயத்தைப் பார்த்தார். மகள் முந்தானையைப் பார்த்தாள். ஜன்னல் தலை உள்ளே போய்விட்டது.

அந்த மௌனத்தைக் கேட்டுத்தான் கொத்தனார் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கில், பிறகு தோளில், பிறகு தொப்பையெல்லாம் குலுங்கச் சிரித்தார். "கட்டைவிரலாம்ல, கட்டைவிரல்! நானே அந்த வேலையை எத்தனை இன்ஜினியர்கிட்ட காட்டியிருப்பேன்! என்கிட்டயேவா?"

"பொண்ணைப் பெத்தவன் சம்பந்தி. ரெண்டு இஞ்சை மறைக்க விரலாவது கொடுக்க வேண்டாமா?"

"அந்த மண்வெட்டியை இப்படிக் கொடுங்க. முதுகைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது தெரியாதுன்னு நினைச்சீங்களா? உட்காருங்க. மிச்சத்தை நான் வெட்டறேன். தப்பா வெட்டினா, வாயைத் திறந்து சொல்லணும், ஆமா."

"அங்கே மேடு."

"எங்கே?"

"உங்க காலடியிலதான்."

"சொல்லச் சொன்னா உடனே ஆரம்பிச்சிடறதா!"

சாயங்காலத்துக்குள் மண்ணை இறுக்கி, ரெண்டு விரல் மணல் பரப்பி, குளத்தை விரித்துக் கம்பிக்கால் மாட்டிவிட்டார்கள். குழாயைத் திறந்துவிட்டார்கள். மறுநாள் மதியம்தான் தண்ணீர் நிறைந்தது. கொத்தனார் ஒரு பக்கமும் மண்வெட்டிக்காரர் எதிர்ப்பக்கமுமாக, விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே விரலை வைத்து அளந்துகொண்டே சுற்றி வந்தார்கள்.

"இங்கே நாலு விரல்."

"இங்கேயும் நாலு."

"உங்க விரல் தடி. என் விரலை வச்சுப் பாருங்க."

"ரெண்டு பேரும் தள்ளுங்க, நான் இறங்கணும்" என்றாள் மகள். அத்தை தோளைப் பிடித்துக்கொள்ள, ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறி, உள்ளே இறங்கி, மெல்ல முழங்காலை மடக்கினாள். தண்ணீர் வயிற்றை ஏந்திக்கொண்டது. எத்தனையோ நாளாகச் சுருங்கியே இருந்த நெற்றி விரிந்தது. "அப்பாடா!" என்று அவள் விட்ட மூச்சு தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

இந்தப் பக்கம் கொத்தனார் காதிலிருந்த பென்சிலை எடுத்து விளிம்பருகே குனிந்தார்.

"சம்பந்தி, தண்ணி ஒரு நூல் ஏறியிருக்கு. உங்க பக்கம்?"

மண்வெட்டிக்காரர் குனிந்து பார்த்தார். அவர் கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"அதே ஒரு நூல்தான் சம்பந்தி," என்றார். "ரெண்டு பேர் இறங்கியிருக்காங்கல்ல."