கை சுட்டால் சாமி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று ஆறாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். வராமல் என்ன செய்யும்? சொன்ன பேச்சைக் கேட்காத ஆளுக்கு வாழ்க்கைப்பட்டால் யாருக்கும் வரும். அவர் பேரை நான் சொல்ல மாட்டேன். கட்டின புருஷன் பேரை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மற்றவர்கள் கூப்பிடும்போது நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் வண்டியை ஓட்டுகிறவர் அவர். தோட்டத்திலிருந்து சுங்கை சிப்புட், அங்கிருந்து ஈப்போ என்று வாரம் முழுக்க ரோட்டில்தான் இருப்பார்.

அதைவிடப் பெரிய உத்தியோகம் ஒன்று அவருக்கு உண்டு. ஆடித் திருவிழாவில் மதுரைவீரன் அவர் மேல்தான் இறங்கும். மாரியம்மன் கோயில் வாசலில் உருமி அடிக்க ஆரம்பித்தால் போதும், ஒரு துள்ளு, ஒரு உறுமல், அப்புறம் சுருட்டு கேட்கும். அந்த நேரத்தில் விபூதி வாங்கும்போது கையைத் தொட்டிருக்கிறேன். ரப்பர் உலர்த்துகிற புகைவீட்டுத் தகரத்தைத் தொட்டது போல் சுடும். பால்வெட்டுக்குப் போகிறவர்களெல்லாம் அன்றைக்கு அவர் காலில் விழுவார்கள். நானும்தான் விழுவேன். மறுநாள் அதே ஆளை, துவைத்த துணியை மழையில் விட்டதற்காக ஏசுவேன்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் அவர் இளைக்க ஆரம்பித்தார். குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தார். தின்றது எங்கே போகிறதென்று தெரியவில்லை, கன்னம் ஒட்டிப்போனது. பக்கத்து வீட்டுச் செல்லாயி யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றாள். நானும் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன். கண்டுபிடித்தது துரைதான். ஈப்போ போகும் வழியில் வண்டியை மூன்று நான்கு இடத்தில் நிறுத்திவிட்டு இவர் மரத்துக்குப் பின்னால் ஓடியதைப் பார்த்தாராம். நேரே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். துரைக்கும் அதே இனிப்புநீர் வியாதி இருந்தது.

இன்சுலின் என்று புதுசாக ஒரு மருந்து வந்திருந்த நேரம் அது. அதற்கு முன்னால் இந்த வியாதி வந்தவர்களைப் பட்டினி போட்டு எலும்பும் தோலுமாய் வைத்திருப்பார்களாம், அப்படியும் போய்விடுவார்களாம். துரைக்குப் பினாங்கிலிருந்து மருந்துக் குப்பி வந்துகொண்டிருந்தது. அதோடு இவருக்கும் சேர்த்து வரவழைத்தார். குப்பி வெயில் படாமல் பங்களா ஐஸ் பெட்டியில் இருக்கும். துரைக்கு இன்றைக்கும் நான் மனசுக்குள் கும்பிடு போடுகிறேன்.

ஊசி போடச் சொல்லிக்கொடுத்தது தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் ஆம்புரோஸ். எங்களைவிட வயசில் சின்னவர், ஞாயிற்றுக்கிழமை கோட்டுப் போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குப் போகிறவர், ரொம்பப் பொறுமைசாலி. கண்ணாடிக் குழாயையும் ஊசியையும் கொதிக்க வைப்பது, குழாயில் எந்தக் கோடு வரைக்கும் இழுப்பது, நேற்றுப் போட்ட இடத்திலேயே இன்றைக்கும் குத்தாமல் தள்ளிக் குத்துவது எல்லாவற்றையும் எங்கள் இரண்டு பேருக்கும் செய்து காட்டினார்.

"அக்கா, இந்த மருந்து சோத்துக்குத் தொணை. ஊசி போட்டா பசியாறணும். பசியாறாம இருந்தா ஒடம்புல இருக்கிற சீனியெல்லாம் வாரிட்டுப் போயிரும்," என்றார் ஆம்புரோஸ்.

"போனா என்னா ஆவும்?"

"வேர்க்கும். கை நடுங்கும். ஒடம்பு சில்லுன்னு ஆயிரும். பேச்சுக் கொழறும். சும்மா சும்மா கோவம் வரும்."

"கோவம் எனக்குந்தான் வருது. நான் ஊசி போடலையே."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் உடனே முகம் மாறியது. "வெளையாட்டு இல்லக்கா. அப்படியே உட்டா உசுரு போயிரும். ஒடனே சீனித் தண்ணி குடுக்கணும். முழுங்க முடியாம கெடந்தா தொண்டைல ஊத்திடாதீங்க, மூச்சு அடைச்சிரும். இனிப்பக் கொஞ்சமா ஈறுல தேய்ச்சு உட்டுட்டு எனக்கு ஆளு அனுப்புங்க."

அன்றிலிருந்து அவருடைய காக்கிச் சட்டைப் பையில் ஒரு கல்கண்டுப் பொட்டலம் இருக்கும். நானே வைப்பேன், நானே தடவிப் பார்ப்பேன். விடிந்ததும் பங்களாவுக்குப் போய் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து மணையில் உட்காருவார். புட்டோ தோசையோ எதுவானாலும் ஆறுவதற்குள் சாப்பிட்டாக வேண்டும். மருந்து அவரைக் கைதூக்கி விட்டது. கன்னம் மறுபடி வந்தது. வண்டி துடைக்கும்போது பாட்டுகூடப் பாடினார். கேட்கச் சகிக்காது, ஆனாலும் எனக்குச் சந்தோசமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆடி வந்தது.

சாமி இறங்குகிற ஆள் திருவிழா அன்று பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடக்கூடாது. எங்கள் அப்பன் பாட்டன் கப்பலேறி வரும்போது கூடவே கொண்டுவந்த கட்டு அது. நான் முந்தின நாளே சண்டை பிடித்தேன். ஆம்புரோஸும் வீட்டுக்கு வந்து சொன்னார். "ஊசியையும் உட முடியாது, சாப்பாட்டையும் உட முடியாதுண்ணே."

இவர் உடனே, "சரி, சாப்புடுறேன்," என்றார். அவ்வளவு சுலபமாகத் தலையாட்டும்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

திருவிழா அன்று எனக்குப் பொங்கல் வேலை. விடியும்போதே கோயிலுக்குப் போய்விட்டேன். போகும்போது அவருக்குப் புட்டும் வாழைப்பழமும் மூடி வைத்துவிட்டுத்தான் போனேன். அவர் மஞ்சள் வேட்டி கட்டி, வெற்றுடம்பில் சந்தனம் பூசிக்கொண்டு வந்தார்.

"பசியாறியாச்சா?" என்று கேட்டேன்.

"ஆச்சு."

ஆற்றிலிருந்து கரகம் எடுத்துக்கொண்டு ஊர்வலம் வந்தது. வெயில் ஏறிவிட்டது. வரும்போதே அவர் கொட்டாவி விட்டதைப் பார்த்தேன். குடை பிடித்து வந்த அர்ச்சுனனைக் காரணமில்லாமல் ஏசினார். அவர் அப்படி ஏசுகிற ஆளே இல்லை, அந்த வேலையை வீட்டில் நான்தான் பார்ப்பேன். கோயில் வாசலில் உருமி தொடங்கியது. அவர் துள்ளவில்லை. உறுமவில்லை. நின்ற இடத்திலேயே கை நடுங்கியது, முழங்கால் ஆடியது, உடம்பெல்லாம் வேர்த்துச் சந்தனம் வழிந்தது.

"வீரன் வந்துட்டான்," என்றார் பூசாரி சின்னையா. பெண்கள் குலவை போட்டார்கள். உருமிக்காரர் இன்னும் வேகமாக அடித்தார். இவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கற்பூரம் காட்டினார்கள். செல்லாயி ஓடிப்போய்த் தன் மகளுக்குக் கல்யாணம் எப்போது என்று குறி கேட்டாள்.

"லோரி," என்று முனகினார் இவர். "லோரி வருது. ஒதுங்கு."

"மாப்பிள்ள லோரி ஓட்டுற பையனாம்," என்று செல்லாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்தேன். மழையில் நனைந்த கோழி போல இருந்தது, ஈரமும் சில்லிப்புமாக. கண் என்னைப் பார்த்தது, ஆனால் அடையாளம் தெரியவில்லை. இது சாமி இல்லை, ஊசி என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. கை தானாக அவர் சட்டைப் பைக்குப் போனது. சட்டை எங்கே இருக்கிறது? கல்கண்டு வீட்டு ஆணியில் காக்கிச் சட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தது.

"அடிக்கிறத நிறுத்துங்க," என்று கத்தினேன். "சாமி வரல. ஊசி போட்டுட்டு சாப்புடாம வந்திருக்காரு. அர்ச்சுனா, ஓடிப்போயி டிரஸரக் கூட்டியா."

அர்ச்சுனன் ஓடினான். உருமி நின்றது. எல்லாரும் என்னை முறைத்தார்கள். எனக்கு அவர்களைப் பார்க்க நேரமில்லை. அம்மனுக்கு முன்னால் அண்டாவில் பானகம் கரைத்து வைத்திருந்தது. வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் மணந்தது. படையல் முடியாமல் அதை யாரும் மோந்துகூடப் பார்க்க மாட்டார்கள். நான் செம்பை எடுத்தேன். சின்னையா குறுக்கே வந்து நின்றார்.

"இருளாயி, இன்னும் படைக்கல. அம்மனுக்கு முந்தி எச்சிப்படுத்தாத."

"வீரன் வந்துட்டான்னு சொன்னது நீங்கதான? அந்த வீரனுக்குத்தான் குடுக்கப் போறேன். வழி உடுங்க."

அவர் ஒதுங்கினார். செம்பை அண்டாவில் முக்கினேன். அவசரத்தில் பாதி என் சேலையில்தான் கொட்டியது.

இவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஊற்றலாமா என்று செம்பைச் சாய்த்தவள் ஆம்புரோஸ் சொன்னது ஞாபகம் வந்து நிறுத்தினேன். அண்டாவின் அடியில் கரையாத வெல்லம் கிடந்தது. அதை விரலில் வழித்துக் கன்னத்துக்கு உள்ளே ஈறில் தேய்த்தேன். மறுபடி வழித்தேன், மறுபடி தேய்த்தேன். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "இங்க பாருங்க, இங்க பாருங்க," என்றேன். பார்க்கவில்லை. எனக்குப் பயத்தில் கோபம் வந்தது. இந்த ஆள் இப்படியே போய்விட்டால் நான் யாரைத் திட்டுவேன்? அவர் காதோடு வாயை வைத்தேன்.

"மாயாண்டி," என்றேன். "ஏய் மாயாண்டி. முழுங்கு."

மொத்தக் கோயிலும் கேட்டிருக்கும். அவர் திரும்பினார். யாரோ தூரத்திலிருந்து கூப்பிட்டது போல மெதுவாகத் திரும்பினார். தொண்டை அசைந்தது. வெல்லத்தை முழுங்கிவிட்டார். அப்புறம் செம்பை உதட்டில் வைத்தேன். ஒரு மடக்கு. பொறுத்து இன்னொரு மடக்கு. பிறகு அவரே செம்பைப் பிடித்துக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. வேர்வை நின்றது.

"என்னா இவ்ளோ கூட்டம்?" என்று கேட்டார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. ஆம்புரோஸ் பையோடு ஓடிவந்து நாடியைப் பிடித்துப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பொங்கல் ஒரு தட்டு வாங்கி அவர் முன்னால் வைத்தார். "சாப்புடுங்கண்ணே. பானகம் கொஞ்ச நேரந்தான் தாங்கும்." பூசாரியைக் கேட்காமலேயே பொங்கலை எடுத்துக் கொடுத்தது செல்லாயி. அவளுக்கு மாப்பிள்ளை கிடைத்த சந்தோசம்.

வீட்டுக்கு வந்தால் புட்டு மூடினது மூடினபடி இருந்தது.

"சாப்பிட்டேன்னு சொன்னீங்களே," என்றேன்.

"ஊசி போடலன்னா டிரஸருக்குப் பொய் சொல்லணும். சாப்பிட்டா சாமிக்குப் பொய்யாப் போயிரும். ரெண்டு பேருக்கும் பொய் சொல்ல மனசு வரல."

"எனக்கு மட்டும் சொல்லலாமா?"

"நீ திட்டுவ, அவ்வளவுதான்," என்றார். அப்புறம், "பேரச் சொல்லிக் கூப்புட்டியே, இன்னொரு தடவ கூப்புடு," என்றார். புட்டைத் தின்னுங்கள் என்றேன். தின்றார்.

அம்மனுக்குக் கோபம் வருமோ என்று தோட்டமே கொஞ்ச நாள் பயந்தது. ஒன்றும் ஆகவில்லை. மழை வழக்கம்போலப் பெய்தது, பால் வழக்கம்போலச் சுரந்தது. இந்த வருசம் ஆடிக்கு முன்னால் சின்னையா அம்மன் முன்னால் இரண்டு பொட்டலம் போட்டுப் பூக் கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ வந்தால் வீரன் இறங்குகிற ஆள் பசியாறிவிட்டு வரலாம், சிவப்பு வந்தால் ஆளை மாற்ற வேண்டும். ஆளை மாற்றினால் இவர் மனசு உடைந்துவிடும். பசியாறக்கூடாது என்றால் நான் அனுப்ப மாட்டேன். பொட்டலத்தைப் பிரித்தால் வெள்ளை. இரண்டு பொட்டலத்தையும் கட்டியது சின்னையாதான். இன்னொன்றைப் பிரிக்காமல் மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார். நான் பார்த்தேன், கேட்கவில்லை.

திருவிழா அன்று அவர் ஊசி போட்டுக்கொண்டு என் கண் முன்னால் உட்கார்ந்து புட்டையும் வாழைப்பழத்தையும் சாப்பிட்டார். மஞ்சள் வேட்டியின் இடுப்பில் சின்னப் பை ஒன்று தைத்துக் கல்கண்டு போட்டு வைத்திருந்தேன். அம்மனுக்குப் படைக்கும் முன்னாலேயே வீரனுக்கென்று தனியாக ஒரு செம்பு பானகம் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார் சின்னையா. அது இனிமேல் எங்கள் கோயில் வழக்கமாம். செல்லாயி, லோரி ஓட்டுகிற மருமகனோடு வந்து முன்வரிசையில் நின்றாள்.

உருமி அடித்தார்கள். ஒரு துள்ளு, ஒரு உறுமல். சுருட்டு கேட்டது. கூட்டம் குலவை போட்டது, ஆனால் ஒருத்தரும் கிட்டே போகவில்லை. சின்னையா தட்டோடு நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். நான் வீரனுக்கு எடுத்து வைத்த செம்போடு போய் இவர் கையைத் தொட்டேன்.

சுட்டது.

"வீரன்தான்," என்றேன். சின்னையா கற்பூரம் ஏற்றினார். எல்லாரும் காலில் விழுந்தார்கள், நானும் விழுந்து கும்பிட்டேன். கையில் இருந்த பானகச் செம்பை மட்டும் கீழே வைக்கவில்லை.