நாலு ஆம்பியர் குடித்தனம்

மெகாவாட் கணக்கில் மின்சாரத்தைக் கொட்டுகிற ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. குடியிருப்பதோ நாலு ஆம்பியரில். 1972 ஜனவரியில் சுவாமிநாதனின் பிழைப்பு இப்படித்தான் இருந்தது. மூனிக்கில் ஒலிம்பிக் பந்தயம் வரப்போகிறதென்று வாடகை எகிறிக் கிடந்தது. இருந்த ஒற்றை அறையையும், குழந்தை அழுகிறது, சமையல் நெடி தாங்கவில்லை என்று வீட்டுக்காரி காலி பண்ணச் சொல்லிவிட்டாள். ஊரெல்லாம் அலைந்தான். போனில் இருக்கிறது என்ற வீடு, ஆளை நேரில் பார்த்ததும் இல்லாமல் போயிற்று. கடைசியில், காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற பழைய கேரவன் வண்டி ஒன்றை, கூட வேலை பார்த்தவர் கொடுத்துவிட்டுப் போனார். ஆராய்ச்சிக்கூடம் இருந்த கார்ஹிங் ஊருக்கு வெளியே ஒரு கேம்பிங் மைதானத்தில் அதை நிறுத்தி, மனைவி சியாமளாவோடும் கைக்குழந்தையோடும் குடித்தனம் தொடங்கினான்.

ஈஸ்டருக்குப் பிறகு குடும்பஸ்தர்களுக்கான குவார்ட்டர்ஸில் இடம் தருகிறோம் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும். முடியாவிட்டால் சியாமளாவும் குழந்தையும் திருச்சிக்குப் போக வேண்டியதுதான், வேறு வழியே கிடையாது.

வண்டிக்குக் கரண்ட் மைதானத்துக் கம்பத்திலிருந்து. கோடையில் வருகிறவர்கள் ஒரு பல்பும் ரேடியோவும் போட்டுக்கொள்ளட்டும் என்று வைத்த நாலு ஆம்பியர் பியூஸ். அதில் சின்ன ஹீட்டர் ஓடும், இல்லையென்றால் மின்சார அடுப்பு ஓடும். இரண்டும் சேர்ந்து ஓடாது. வண்டியிலிருந்த காஸ் அடுப்பு கசிகிறதென்று மைதானத்துக்காரர் லெக்னர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டார். ஆகவே சியாமளா சோறு வைக்கும்போது ஹீட்டரை அணைத்து, குழந்தையைக் கம்பளியில் சுற்றி இவன் மடியில் வைத்துக்கொள்வான். சோறு வெந்த பிறகுதான் ஹீட்டர். மறதியில் இரண்டு தடவை பியூஸ் போய்விட்டது. இரண்டாம் தடவை லெக்னர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஒயர் பழசு, போன வருஷம் இப்படித்தான் ஒரு வண்டி எரிந்தது, இதில் பச்சைக் குழந்தை வேறு, இன்னொரு தடவை ஆனால் வண்டியை எடுத்துவிட வேண்டும். கெட்ட மனிதராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் அப்படியும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிதம்பரமும் அவர் மனைவி வேதவல்லியும் குழந்தையைப் பார்க்க வந்து நின்றார்கள். சிதம்பரம் அதே ஆராய்ச்சிக்கூடத்தில் இவனுக்கு சீனியர். சொல்லாமல் கொள்ளாமல் வருவதுதானே நம் வழக்கம். அவரிடம் இவன் இந்த வண்டியைப் பற்றி என்னென்ன அளந்திருந்தான் தெரியுமா? சகல வசதியும் உண்டு, வீட்டைவிட மேல் என்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே!

"நீ கொழந்தைக்குப் பால் குடு சியாமளா, காபி நான் போடறேன்" என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வேதவல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள். பிள்ளை பெற்றவளை உட்காரவைத்துவிட்டு அடுப்படியைத் தாங்கள் எடுத்துக்கொள்ள நம் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சிதம்பரம் அதன் முன்னால் காலை நீட்டிக்கொண்டு, பேஷ், நல்ல கதகதப்பு என்றார்.

சியாமளா இவனைப் பார்த்தாள். சீனியருக்கு முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. இவனே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். ஹீட்டரை அணைத்துவிட்டு அடுப்பைப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை. அதற்கு நாக்கு புரளவில்லை. வந்தவர்களுக்கு ஒரு வாய் காபி போட வீட்டில் கரண்ட் போதாது என்று எப்படிச் சொல்வது? மனதுக்குள் கணக்குப் போட்டான். இரண்டு மடங்கு சுமை, பியூஸ் உடனே உருகாது, அதற்குள் தண்ணீர் கொதித்துவிடும். படித்த படிப்பெல்லாம் இதற்குத்தான் உதவியது, போங்கள்.

தாங்கவும் தாங்கியது. காபி வந்தது, குடித்தார்கள், இவனுக்கும் மூச்சு வந்தது. ஆனால் வேதவல்லி அடுப்பை அணைக்கவில்லை. பால் கொடுக்கிறவளுக்குக் காபி ஆகாது என்று சியாமளாவுக்குப் பால் காய்ச்ச வைத்திருந்தாள். அது பொங்குவதற்குள் விளக்கு அணைந்தது. ஹீட்டரின் சிவப்புக் கம்பி மெல்லக் கறுத்தது.

என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்குச் சியாமளாதான் எல்லாவற்றையும் சொன்னாள். சிதம்பரம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"சொல்லியிருக்கக் கூடாதா சுவாமிநாதன்? வர்ற வழியில நடேசன்னு ஒரு சிநேகிதர் வீட்ல இப்பத்தான் ரெண்டு ரவுண்டு காபி குடிச்சிட்டு வர்றோம். வேணாம்னா நீங்க வருத்தப்படுவீங்களேன்னு குடிச்சோம்."

தங்கள் வீட்டுக்கு வரச்சொல்ல வேதவல்லிக்கு ஆசைதான். அவர்களுடைய வீட்டுக்காரர் விருந்தாளியை ஒரு ராத்திரிகூடத் தங்கவிடமாட்டார். இருவரும் முகத்தைத் தூக்கிப் பார்க்க முடியாமல் கிளம்பிப் போனார்கள். லெக்னர் வந்து பியூஸை மாற்றினார். ஈஸ்டர்வரை, ஈஸ்டர்வரை மட்டும் என்று சுவாமிநாதன் கெஞ்சினான். அவர் குழந்தையைக் காட்டி, இதற்காகத்தான் சொல்கிறேன் என்றார். சனிக்கிழமைக்குள் வண்டி போய்விட வேண்டும்.

கதவைச் சாத்திய பிறகுதான் சியாமளா அழுதாள்.

"உங்க மானத்த வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எங்களால இங்க இருக்க முடிஞ்சுது. நீங்கதான் அனுப்பறீங்க."

சனிக்கிழமைவரை அலைந்தான்; குளிர்காலத்தில் வண்டியை நிறுத்த வேறு மைதானம் எதுவும் திறந்திருக்கவில்லை. மூனிக்கின் ரீம் விமான நிலையத்தில் குழந்தை அவன் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. சியாமளாதான் அதைப் பிரித்தெடுத்தாள். அவன் தனியாள்கள் விடுதியில் ஒரு கட்டிலுக்குப் போனான்.

ஈஸ்டர் முடிந்ததும் ஆபீசில் கூப்பிட்டார்கள். குவார்ட்டர்ஸ் காலியாகத்தான் இருந்தது. மேஜைக்குப் பின்னாலிருந்த அம்மாள், குடும்பம் எங்கே என்று கேட்டாள். இந்தியாவில் என்றான். அப்படியானால் வீடு தர முடியாது, குடும்பம் இங்கே பதிவாகியிருக்க வேண்டும் என்றாள். சியாமளா திரும்பி வர அனுமதி கேட்டால், முதலில் வீடு எங்கே என்றுதான் கேட்பார்கள். அது அவனுக்குத் தெரியும். ஜனவரிவரை அவர்கள் இங்கேதான் இருந்தார்கள் என்று சொல்லலாம். ஏன் போனார்கள் என்று கேட்பாள். நாலு ஆம்பியரையும் காபியையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

பரவாயில்லை என்றான். சிரிக்கக்கூடச் சிரித்தான். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தான்.