மாமனார் குரலில் ஒரு தலைமையாசிரியர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, பீர்க்கன்கரணையில் தன் வீட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்த முஸ்தபாவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இட்லி பாவம், அதன்மேல் குற்றமில்லை. திரையில் ஒரு பொம்மைத் தலைமையாசிரியர் வாயைத் திறந்தார். டப்பிங் கலைஞர் ராஜகோபாலின் கம்பீரமான குரல் வர வேண்டிய இடத்தில், மேற்குத் தாம்பரம் பெயின்ட் கடை ஷாகுல் ஹமீதின் குரல் வந்தது. இரண்டு தடவை கனைத்துக்கொண்டு, "கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க" என்று ஆரம்பித்து, "நாஞ் சொல்றது வெளங்குதா?" என்று முடித்தது.

ஷாகுல் ஹமீது அவனுக்கு மாமனார் ஆகப்போகிறவர். அவருடைய மூத்த மகள் ஷபீனாவோடு நிச்சயம் முடிந்து, நிக்காஹுக்கு இன்னும் பத்தொன்பதே நாள். டிவியில் வந்த குரல் அச்சு அசல் அவருடையதுதான், ஆனால் பேசியவர் அவரில்லை. பேசிய புண்ணியவான் இதோ இட்லித் தட்டோடு உட்கார்ந்திருக்கிறான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது மழை பெய்தால்தான் கத்தும். இவனுக்கு மைக்கைக் கண்டாலே போதும்.

முஸ்தபா வேலை பார்ப்பது குரோம்பேட்டையில், ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருந்த கார்ட்டூன் கம்பெனியில். பொம்மைகளுக்குப் பேச்சும் சத்தமும் சேர்ப்பது அவன் பொறுப்பு. 'அஞ்சாம் பெஞ்சு' என்ற அவர்களுடைய தொடர் வாராவாரம் ஒரு குழந்தைகள் சேனலில் வந்துகொண்டிருந்தது. அது இரண்டாயிரத்து எட்டு. அமெரிக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வகுப்பிலும் கேன்டீனிலும் ஆடிப் பாடும் படம் ஒன்றின் சிடி கைக்குக் கை மாறி, தாம்பரத்துப் பிள்ளைகளையெல்லாம் ஆட்டிவைத்துக்கொண்டிருந்த சமயம். ஷபீனாவின் தங்கை, பிளஸ் ஒன் படிக்கும் ருக்ஸானாவின் வகுப்பில், அட்டெண்டன்ஸ் எடுத்தால் 'பிரசன்ட் மிஸ்' என்பதையே ராகம் போட்டு இழுத்தார்களாம். முஸ்தபா அதை ஆபீசில் வந்து சொன்னதும் முதலாளி சம்பத் துள்ளிக் குதித்தார்.

"டேய், இதுல ஒரு எபிசோடே கீதுடா" என்றார்.

எபிசோடும் அமர்க்களமாகத்தான் வந்தது. லேட்டாக வருகிறவன் காரணத்தைப் பாடிக் காட்டினால்தான் வாட்ச்மேன் கேட்டைத் திறப்பார். கெமிஸ்ட்ரி லேபில் டெஸ்ட் டியூபை ஆட்டியபடி நாற்பது பேர் கோரஸ். பாத்ரூம் போக அனுமதி கேட்டுப் பாடுகிற பையனுக்கு இரண்டாவது சரணம் முடிவதற்குள் அனுமதியே தேவைப்படாமல் போய்விடும். கடைசியில் தலைமையாசிரியர், இனிமேல் பள்ளிக்கூடத்தில் பாட்டே கூடாது என்று மைக்கில் சுற்றறிக்கை வாசிப்பார். பிள்ளைகள் பெஞ்சில் தாளம் போடப் போட, அந்தச் சுற்றறிக்கையையே பாட்டாகப் பாடி, கொடிக்கம்பத்தைச் சுற்றி ஆடி வருவார்.

இதில் மாமனார் எங்கே வந்தார் என்றால், எல்லாம் தொழில் முறையால் வந்த வினை. டப்பிங் கலைஞர்கள் வந்து பேசுவதற்கு ஒரு மாதம் முன்பே படம் வரைய ஆரம்பித்துவிடுவார்கள். வரைகிறவர்களுக்கு வாயசைவு தெரிய வேண்டுமே என்று ஆபீஸ் ஆட்களே வசனத்தைப் பேசிப் பதிவு செய்து கொடுப்பார்கள். அதற்கு டிராக் என்று பேர். அசல் குரல் வந்ததும் டிராக்கை ஊமையாக்கிவிட வேண்டும். வெளியே ஒரு காதும் கேட்கப் போவதில்லை என்ற தைரியத்தில் டிராக்கில் அவனவன் வாய்க்கு வந்தபடி பேசுவான்.

இந்த எபிசோடுக்கு டிராக் பேசிய வாரம்தான், நிச்சயத்துக்கு முன்னால், முஸ்தபா மூன்றாம் முறையாகப் பெண் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தான். ஷாகுல் ஹமீது டீயை ஆற்றிக்கொண்டே கேட்டிருந்தார்: "கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. பொம்மைக்குப் பேச்சு ஒட்டுறதெல்லாம் ஒரு வேலையா? நாளைக்குப் புள்ளைங்க வந்து அத்தா என்ன தொழில் பண்றாருன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? நாஞ் சொல்றது வெளங்குதா?" அது முஸ்தபாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அங்கே வாயை மூடிக்கொண்டு வந்தவன், மறுநாள் தலைமையாசிரியருக்கு டிராக் பேசும்போது மைக் முன்னால் அவர் குரலிலேயே திறந்துவிட்டான். ஆபீஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

வெள்ளிக்கிழமை டேப் கொடுக்க வேண்டிய நேரத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் கத்திக் கத்தி ஓய்ந்தது. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் பழைய பிரதியைத் திறந்து கொடுத்தது. அதில் தலைமையாசிரியருக்கு டிராக் பேசியது, ராஜகோபால் ஊமை. முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு டேப்பில் ஏற்றி அனுப்பியவன் முஸ்தபாவேதான். தலைமையாசிரியர் வருவது ஏழாவது நிமிடத்தில்.

இது போதாதென்று, "ஞாயித்துக்கெழமை பாருங்க மாமா, டைட்டில்ல என் பேரு வரும்" என்று போன வாரமே அவன் மாமனாரிடம் போனில் பெருமையடித்திருந்தான். வேலையைப் பற்றி மனசு சரியாகாத மனுஷர், மாப்பிள்ளை பேர் டிவியில் வருகிறதென்றதும், சொந்தபந்தத்தில் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு ஹாலில் உட்கார வைத்திருந்தார்.

போன் அடித்தது. சம்பத்.

"இன்னாடா பண்ணி வச்சிக்கீற? ராஜகோபால் சார் போன்ல எகிறினு கீறாரு."

"அண்ணா, பழைய ஃபைல் போயிருச்சு. என் தப்புதான்."

"சரி சரி. சேனலுக்குப் பயந்து பயந்து போன் போட்டேன். அவுங்களுக்கு ஒண்ணுமே தெரியல. ஹெட்மாஸ்டருக்குப் புது ஆளா, சூப்பரா கீதுன்றாங்க. சாருக்கு நான் சமாதானம் சொல்லிக்கிறேன். உன் வேலைக்கு ஒண்ணும் இல்ல, போய்த் துன்னு."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அப்பாடா என்று மூச்சு விட்டான் முஸ்தபா. விட்ட மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் அடுத்த போன். ருக்ஸானா ரகசியக் குரலில் பேசினாள்.

"மச்சான், ஏன் மச்சான் இப்படிப் பண்ணீங்க?"

"அத்தா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லல. யாரும் மூச்சே விடல, எல்லாரும் அத்தா மூஞ்சியையே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம் அந்த சர்க்குலர் பாட்டு வந்துச்சு பாருங்க, அம்மா சிரிச்சுட்டாங்க. கண்ல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க மச்சான். அம்மா அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அதோட பன்னெண்டு பேரும் சிரிச்சாங்க."

"அத்தா?"

"சட்டையப் போட்டுக்கிட்டுக் கடைக்குப் போயிட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சதும் உங்களக் கடைக்கு வரச் சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்தி, யாரோ காதில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு தொடர்ந்தாள். "அக்கா ஒண்ணு சொல்லச் சொல்றா. பொய் மட்டும் சொல்லாதீங்களாம்."

நிச்சயம் ஆன பிறகு நிக்காஹ் வரைக்கும் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அதனால்தான் கடை. ஆனால் சம்பந்தத்தை முறிப்பதானாலும் கடையில் வைத்துத்தான் முறிப்பார்கள் என்று முஸ்தபாவுக்குத் தோன்றியது. ஷபீனாவோடு நேரில் அவன் பேசியது மொத்தமே பத்து வாக்கியம் இருக்கும். அந்தப் பத்தையும் அவன் மனப்பாடமாக வைத்திருந்தான். அவள் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தான். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. கடைக்குப் போகும் வழியில் இரும்புலியூர் தாண்டும்போது, தற்செயலாக அமைந்த குரல் என்று சொல்லிவிடலாமா என்ற சபலமும் வந்தது. ஷபீனா சொல்லி அனுப்பியது ஞாபகம் வர, அதை வழியிலேயே விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனான். பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் ஷாகுல் ஹமீது தனியாக உட்கார்ந்திருந்தார். ஸ்டூலைக் காட்டினார். இரண்டு தடவை கனைத்தார்.

"கேக்குறேன்னு..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. மேசை மேல் கிடந்த, பெயின்ட் நிறங்கள் அச்சடித்த ஷேட் கார்டை எடுத்து இரண்டு பக்கம் புரட்டினார்.

"அது நான்தானே?" என்றார் கடைசியில்.

"ஆமா மாமா. பேசினது நான்தான். வெளிய போயிருக்கக் கூடாது, கரண்ட் கட்டுல மாறிப் போயிருச்சு. ஆனா பேசினது வேணும்னேதான். வேலையப் பத்தி நீங்க கேட்டது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு, அந்தக் கோவம். என்ன மன்னிச்சிடுங்க."

அவர் ஷேட் கார்டில் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். முஸ்தபாவே பதறிக்கொண்டு தொடர்ந்தான். "புதன்கிழமை மறுபடி போடுவாங்க மாமா. அதுக்குள்ள சரியான குரல் போட்டு மாத்திடறேன்."

"மாத்த வேணாம்."

"மாமா?"

"ஒங்க மாமி அஜீசா சிரிச்ச சிரிப்புல அந்தப் பாட்டு எனக்குக் காதுலயே விழல. புதன்கிழமை கதவச் சாத்திட்டு ஒக்காந்து கேக்கணும். எனக்குப் பாடவே வராதுன்னு நெனச்சிருந்தேன்."

முஸ்தபாவின் வயிற்றில் அப்போதுதான் பால் வார்த்தது போலிருந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டான். போன உயிர் காலிலிருந்து ஒவ்வொரு சாணாக ஏறி வந்துகொண்டிருந்தது. ஆனாலும் வாய்விட்டுக் கேட்டுவிட்டால்தான் நிம்மதி.

"அப்ப நிக்காஹ், மாமா?"

ஷாகுல் ஹமீது ஷேட் கார்டைக் கீழே வைத்தார். "எங்க வூட்டுக்கு எத்தன வாட்டி வந்திருப்பீங்க?"

"மூணு வாட்டி."

"என் தம்பி மத்தியானம் இங்க வந்தான். அண்ணே, நீ பேசி முடிச்சதும் சின்னதா ஒரு மூச்சு வுடுவே, அதுகூட அதுல இருந்துச்சுன்னான். அப்படி ஒரு மூச்சு வுடுறேன்னு எனக்கே தெரியாது. இருவத்தாறு வருசமா இந்தக் கடையில கத்துறேன். வேல செய்யுறவன் கேக்குறதில்ல. பெத்த புள்ளைங்க கேக்குறதில்ல. ஒங்க மாமி இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல வுட்ருவா. நீங்க மூணே வாட்டி வந்து, நான் வுட்ட மூச்சு வரைக்கும் கேட்டுட்டுப் போயிருக்கீங்க."

அவர் எழுந்து, ஷட்டரை முழுசாக மேலே தூக்கிவிட்டார். வெளிச்சம் உள்ளே வந்தது. திரும்பி நிற்காமல், தெருவைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஷபீனா ரொம்ப மெதுவாப் பேசுவா. எங்க வூட்டுச் சத்தத்துல அவ பேசுறது எவன் காதுலயும் விழாது. என் காதுலயும் விழுந்ததில்ல. அவ பேசுறதையும் நீங்க இப்படிக் கேளுங்க. அது போதும் எனக்கு."

"சரி மாமா" என்று எழுந்து, அவர் பக்கத்தில் போய் நின்றான் முஸ்தபா.