கரி படியாத வீடு

உயிரோட இருந்தப்ப ஒருநாளும் தொடப்பத்தைத் தொடாத மனுசன், இப்ப வூட்டைச் சுத்தமா வச்சிகினு கீறாரு என்று ராமசெல்வி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் கணவன் ஜெயவேல் இறந்த மூன்றாம் நாளிலிருந்து, எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய அந்தக் குப்பத்தில் அவள் வீட்டில் மட்டும் கரித்தூள் படியவில்லை. நிலக்கரி லாரிகளும் புகைபோக்கிகளும் மற்ற வீடுகளுக்குக் கொடுப்பதை அவளுக்கும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. அது அவள் கூரை விளிம்பு வரை வந்து, சற்றுத் தயங்கி, பக்கத்து வீட்டுக்கு நகர்ந்தது. அங்கே இரண்டு பங்காக விழுந்தது. பக்கத்து வீடு ஜெயவேலின் அக்கா கெங்கம்மாவுடையது. "இன்னாடி, என் தம்பி உனுக்கு மட்டும்தான் சொந்தமா? உன் வூட்டுக் கரியெல்லாம் என் தலையில கொட்டிகினு கீறான்," என்று அவள் தினமும் காலையில் வாசலில் நின்று கேட்டாள். ராமசெல்வி கொடியில் காய்ந்த வெள்ளைச் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அந்தக் குப்பத்தில் இறந்தவர்களின் சாம்பலைப் படகில் அலைக்கு அப்பால் கொண்டுபோய்க் கடலில் கரைப்பதுதான் வழக்கம். ஜெயவேலின் மூன்றாம் நாளில் புயல் எச்சரிக்கை இருந்ததால் படகுகள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. பிள்ளை இல்லாதவன் என்பதால் அவன் கூட்டாளி செங்குட்டுவன்தான் சாம்பல் சட்டியைச் சுமந்தான். கழிமுகத்தில் இறால் பிடிக்கும் இடங்களைக் குடும்பங்களுக்கு நாள்முறை வைத்துப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு தவறினால் அடுத்ததற்கு நாற்பது நாள் காத்திருக்க வேண்டும். ரயில் பாலத்துக்குக் கிழக்கே ஆறு வளைகிற இடத்தில் அன்றைய பாடு ஜெயவேலுடையது. தோஸ்தோட பாடு வீணாப் போவக்கூடாது என்று செங்குட்டுவனுக்குத் தோன்றியது. தொடையளவு தண்ணீரில் இறங்கி அங்கேயே கரைத்துவிட்டு வந்தான். அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்து உடைந்து ஒழுகி, அந்த ஆறு பல வருடங்களாகவே சேறும் சாம்பலுமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. "சாம்பல்ல சாம்பலைக் கொட்டிட்டு வந்து நிக்குது பாரு, லூசு," என்று கெங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தபோது அந்த இடத்தில் தண்ணீர் தெளிந்திருந்தது. ஒரு வீச்சுவலை விரிந்து விழுகிற அளவுக்கு வட்டம். கடல் ஏற்றத்திலும் வற்றத்திலும் சாம்பல் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போனது, உள்ளே வரவில்லை. இடுப்பளவு நீரில் நின்று குனிந்தவர்களுக்குத் தங்கள் கால் தெரிந்தது. முப்பது வருடமாகச் சேற்றுக்குள் கையால் தடவியே இறால் பிடித்துப் பழகிய ஒரு கிழவர், தன் கால் விரல்களை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு அழுதார். இறாலும் மடவை மீனும் வந்தன. ஒரு கல்லூரியிலிருந்து வந்தவர்கள் அந்தத் தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்துக்கொண்டு போனார்கள். வண்டி பேசின் பிரிட்ஜைத் தாண்டும்போது பாட்டில்களுக்குள் தண்ணீர் சாம்பல் நிறமாகிவிட்டது என்று ஒரு தாளில் எழுதி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

அடுத்த மூன்று வருடங்களில் குப்பத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். ஒன்பது பேரையும் கடலுக்குக் கொண்டுபோகாமல் ஆற்றில் ஆளுக்கொரு இடத்தில் கரைத்தார்கள். எங்கும் தண்ணீர் தெளியவில்லை. உயிரோடு இருந்தபோது நல்லவர்கள் என்று பெயரெடுத்தவர்களும் அந்த ஒன்பதில் இருந்ததால், அந்தக் குடும்பங்கள் கொஞ்ச காலம் தெருவில் தலை நிமிராமல் நடந்தன. வட்டம் ஒன்றுதான், குடும்பங்கள் நாற்பது. பாடு சுற்றி வருவதற்குள் அடுப்பு அணைந்தது. பிள்ளைகள் மணலிக்கு டேங்கர் லாரி கழுவப் போனார்கள். அப்போதுதான் யாரோ ஆற்றையும் வீட்டையும் சேர்த்து யோசித்தார்கள். ஆறு தெளிந்தது ஜெயவேலின் சாம்பலால் என்றால், அவன் வீட்டில் கரி படியாததும் அதனால்தான். அப்படியென்றால் அவனில் கொஞ்சம் இன்னும் உள்ளே இருக்கிறது.

இருந்தது. அந்த மூன்றாம் நாள் சட்டி வாசலில் இறங்கிப் பெண்கள் அழுதுகொண்டிருந்தபோது, ராமசெல்வி ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு காலியான ஒரு பவுடர் டப்பாவில் போட்டு, மாடத்தில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். ஏன் எடுத்தோம் என்று அவள் பல நாள் தன்னையே கேட்டிருக்கிறாள். ஆசையால் என்று சொல்லிக்கொள்ள முடிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவன் ஊருக்கு முன்னால் நின்றவன். வலை தகராறு, போலீஸ் ஸ்டேஷன், சாவு, கல்யாணம் என்று எங்கே யார் கூப்பிட்டாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். வீட்டுக்குச் சாப்பிடவும் தூங்கவும் வந்தான். அவன் சிரிக்கச் சிரிக்கப் பேசுவான் என்பதை அவள் தெரிந்துகொண்டதே அவன் சாவு வீட்டில்தான். கூடியிருந்தவர்கள் அவன் சொன்ன வேடிக்கைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அவள் அவற்றை முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்தது அழுகை இல்லை. திருட்டுக் கொடுத்தவளின் திகைப்பு. அந்தத் திகைப்பு இறங்கும் முன்பே கை சட்டிக்குள் போய்விட்டது.

பங்குனி மாதத்து ஒரு மத்தியானம் செங்குட்டுவன் புதுச் சட்டி ஒன்றை மஞ்சள் துணியில் கட்டிக்கொண்டு வந்தான். பின்னால் கெங்கம்மா. வீட்டுக்குள் காலடி வைக்கும் முன் அவன் தன் பாதங்களைப் பார்த்தான். திரும்பிப் போய்க் குழாயில் கழுவிக்கொண்டு வந்து நுழைந்தான்.

"அண்ணி, உனுக்கே தெரியும் நான் எதுக்கு வந்துகீறேன்னு," என்றான்.

"தெரியும்பா."

"முகத்துவாரத்துல கரைச்சா ஏத்தத்தோட உள்ள ஏறி மொத்த ஆறும் தெளிஞ்சிரும்னு ஊர்ல பேசிகினு கீறாங்க. அண்ணன் இருந்திருந்தா, கேக்கறதுக்கு முன்னாடி அவரே எறங்கியிருப்பாரு."

"ஆமா," என்றாள் ராமசெல்வி. "அவுரு எறங்கியிருப்பாரு."

"அப்புறம் இன்னாடி?" என்ற கெங்கம்மாவின் கண், சாமி படத்துக்குப் பின்னால் தெரிந்த பவுடர் டப்பாவில் போய் நின்றது. "டப்பால போட்டு மூடி வெச்சிகினு இன்னா பண்ணப் போறே? மூஞ்சிக்குப் பூசிக்கப் போறியா?" சொல்லிவிட்டு அவளே சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பியைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

ராமசெல்வி மாடத்தைப் பார்த்தாள். கரைத்தால் ஆறு தெளியும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அவன் அப்படித்தான், ஊர் கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாதவன். நாற்பது வீட்டு அடுப்பும் எரியும், லாரி கழுவப் போன பிள்ளைகள் திரும்பி வருவார்கள், கெங்கம்மா உட்பட எல்லோரும் அவளைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். தான் செய்யப்போவது தப்பு என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை நியாயம் ஆக்குவதற்கு ஒரு சொல் கிடைக்குமா என்று கொஞ்ச நேரம் தேடினாள், கிடைக்கவில்லை. இந்த மூன்று வருடமாக அவன் ராத்திரி பகல் எந்நேரமும் வீட்டிலேயே இருக்கிறான். யார் கூப்பிட்டும் எழுந்து போகவில்லை. அன்றன்று சொல்ல முடியாமல் போனதையெல்லாம் அவள் அவனிடம் பேசுகிறாள். இன்னும் கல்யாணமான இரண்டாவது வருடம் வரைக்கும்தான் சொல்லி முடித்திருக்கிறாள்.

செங்குட்டுவன் சட்டியின் துணியை அவிழ்த்து அவள் முன்னால் வைத்தான். "ஒரு சிட்டிகையாவது குடு அண்ணி."

அவள் சட்டியை எடுத்தாள். துணியை மறுபடி அதன் வாயில் போட்டு, நூலை நிதானமாகச் சுற்றிக் கட்டி அவன் கையில் கொடுத்தாள்.

"இல்லப்பா," என்றாள். "டீ போடறேன், ரெண்டு பேரும் குடிச்சிட்டுப் போங்க."