காத்தாடி பிடித்த கூந்தல்

ஜீவராணி தலைக்குக் குளித்தால் கொத்மலை அணையில் தண்ணீர் ஒரு முழம் இறங்கிவிடும் என்று பூண்டுலோயாப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. நம்பாதவர்கள் அவள் கூந்தலைப் பார்க்காதவர்கள். இடுப்பைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, குதிகாலைத் தொடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்ற முடி அது. கொண்டை போட்டால் தலைக்கு மேல் இன்னொரு தலை. ஒருதரம் மழையில் சறுக்கிப் பள்ளத்துக்குப் போகப் பார்த்த கங்காணி அந்தப் பின்னலைப் பிடித்துத்தான் பிழைத்தார் என்பார்கள். கங்காணி மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. அப்படி ஊரைக் காப்பாற்றிய கூந்தல்தான், கோயில் திருவிழா நாளில் ஜீவராணியின் உயிரைக் கேட்டது.

தேயிலைத் தோட்டத்தில் ஜீவராணி என்று நாலு பேர் இருந்தார்கள். இவள் மட்டும் முடிக்காரி. பஸ் கண்டக்டர் முதல் பூசாரி வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இவளும் பட்டம் வாங்கியவள் மாதிரித் திரும்பிப் பார்ப்பாள். சும்மா வந்ததா அந்தப் பேர்? தேங்காயெண்ணெயில் செம்பருத்தியும் கருவேப்பிலையும் வெந்தயமும் போட்டு அவள் காய்ச்சுகிற நாளில் லயத்து வீடுகளின் நாய்கள் வரிசையாகத் தும்மும். வடித்த கஞ்சி வீட்டில் யார் வாய்க்கும் எட்டாது, தலைக்குத்தான். சிக்கெடுப்பது புருசன் விஜிதரன் வேலை. ஞாயிற்றுக்கிழமை மரச்சீப்போடு உட்கார்ந்தால், நுனியில் தொடங்கி வேருக்கு வந்துசேர்வதற்குள் அவனுக்குத் தாடி வளர்ந்துவிடும்.

வளர்ப்பதுகூடப் பெரிதில்லை. அந்தக் குளிரில் காயவைப்பதுதான் பாடு. ஈரத்தோடு பின்னினால் வேர் புழுங்கிக் கொத்துக்கொத்தாகக் கொட்டும். அதனால் ஜீவராணி ஸ்டோருக்குப் போவாள். ஸ்டோர் என்றால் தோட்டத்துத் தேயிலை ஆலை. அங்கே தூள் காயவைக்கிற பெரிய அடுப்புக்குப் பின்னால் கதகதவென்று காற்று ஊதும். முதுகைக் காட்டி நின்றால் கூந்தல் பறந்து பறந்து காயும். காவலுக்கு நிற்கிற வாச்சர் இராமையா மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆலையை நடத்துகிற டீமேக்கர் ஐயாவுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவளுடைய முடியில் எப்போதும் வீசுகிற தேயிலை வாசம் அந்த ஐயாவுக்கு மட்டும் எட்டவேயில்லை.

அது டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற வருசம். கரண்டு நினைத்தபோது போகும், நினைத்தபோது வரும். திருவிழாவன்று சாயங்காலம், தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு மாரியம்மன் கோயிலில் விளக்குப் பூசை. ஜீவராணி மத்தியானமே தலைக்குக் குளித்துவிட்டு, நாத்தனார் கிருஷாந்தியையும் துணைக்கு இழுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள்.

"அடுப்பு இன்னைக்கு அணைச்சாச்சும்மா, சுத்தம் பண்ணணும்" என்றார் இராமையா. "மேல கொழுந்து வாட்டுற காத்தாடி மட்டுந்தான் ஓடுது. அங்கெல்லாம் போகாத."

"கொஞ்ச நேரந்தான் மாமா. ஈரத்தலையோட பூசைக்குப் போனா பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

"மதினி தலையப் பாக்கத்தான் கூட்டமே வருது, சாமியப் பாக்க இல்ல" என்று கிருஷாந்தி சேர்த்துக்கொண்டாள். அவளுடைய பின்னல் எலிவால் மாதிரி. அந்த வருத்தம் அவள் பேச்சில் எப்போதும் ஒரு சொட்டு எலுமிச்சைபோல விழும்.

மேல்மாடியில் பச்சைக்கொழுந்து நீள நீளமான கம்பிவலைப் படுக்கைகளில் பரப்பிக் கிடந்தது. ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் ஆள் உயரத்துக்கு ஒரு காத்தாடி. கடைசிக் காத்தாடிக்குப் பின்பக்கத்துக் கம்பிமூடியைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். அடுப்புக்குப் பின்னால் நின்று பழகிய ஜீவராணி, அதே பழக்கத்தில் இதற்கும் பின்னால் போய், கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து, கூந்தலை அவிழ்த்துவிட்டாள்.

அடுப்புக்குப் பின்னால் காற்று ஊதும். காத்தாடிக்குப் பின்னால் காற்று இழுக்கும். அந்த வித்தியாசம் அவளுக்குத் தோன்றுவதற்குள் யாரோ ராட்சசன் கூந்தலைச் சுருட்டிப் பிடித்த மாதிரி தலை பின்னுக்குப் போனது. கூடை உருண்டது. பிடரி இரும்பு விளிம்பில் மோதியது. அவ்வளவுதான் என்று கண்ணை மூடினாள்.

டக்கென்று எல்லாம் நின்றது. விளக்கு அணைந்தது. பள்ளத்துக்கு அப்பால் கீழ்க்கணக்குக் கோயிலில் பாடிக்கொண்டிருந்த ஒலிபெருக்கியும் பாதிப் பாட்டில் செத்தது. கரண்டு போயிருந்தது.

"மதினி! ஐயோ மதினி! உசுரு இருக்கா?"

"இருக்கு. முடி இருக்கா பாரு."

"அட கடவுளே, இந்த நேரத்துலயும் முடியா!"

முடி இருந்தது. காத்தாடியின் தண்டில், பிடரிக்கு ஒரு சாண் வரைக்கும், கயிறு திரித்த மாதிரிச் சுற்றியிருந்தது. இழுத்தால் தோலும் கூட வந்தது. இராமையா மூச்சு வாங்க ஏறிவந்து, பார்த்து, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சுவிட்ச நிறுத்துங்க மாமா!" என்றாள் கிருஷாந்தி.

"சுவிட்சு அறை பூட்டியிருக்கு. சாவி மெசின் பாக்குற செல்லசாமி பையில. அவன் டவுன்ல டீசல் வரிசையில நிக்கிறான்." அவர் காத்தாடியைப் பார்த்தார். "கரண்டு வந்தா இது தானாச் சுத்தும்மா. யாரையும் கேக்காது."

"கட்டையச் சொருகுங்க."

"போன மாசம் ஒரு விறகுக் கட்டை உள்ள விழுந்துச்சு. தீக்குச்சி தீக்குச்சியா வெளிய வந்துச்சு."

ஜீவராணியால் தலையைத் திருப்ப முடியவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது கூரைத் தகரம் மட்டும். பக்கத்து மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த விஜிதரனைக் கூப்பிடக் கிருஷாந்தி ஓடினாள். செல்லசாமிக்குப் போன் போட இராமையா கீழே இறங்கினார், அங்கேதான் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும்.

ஜீவராணி தனியாகக் கிடந்தாள்.

கொழுந்து வாடுகிற வாசம் மூக்கை அடைத்தது. தகரத்தில் மூடுபனி சொட்டாக விழும் ஒவ்வொரு சத்தமும் அவளுக்குச் சுவிட்சு விழும் சத்தமாகக் கேட்டது. பின்னால் இரும்பு லேசாக முனகியது. காற்றுக்கு அசைந்ததா, அசையத் தொடங்குகிறதா? கையைப் பின்னால் கொண்டுபோய் ஒவ்வோர் இழையாகப் பிரிக்கப் பார்த்தாள். ஒன்று பிரிந்தால் ஒன்பது இறுகியது. வெட்டிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே அதைவிடப் பெரிய பயம் வந்தது. முடி இல்லாமல் இந்த மாடியிலிருந்து இறங்குகிறவள் யார்? நாலு ஜீவராணிகளில் ஒருத்தி. எந்த ஜீவராணி என்று ஆள் கேட்டால் சொல்ல என்ன இருக்கிறது? அம்மா, தாயே, அவிழ்த்துவிடு, இந்த ஒருதரம் அவிழ்த்துவிடு என்று வாய் முணுமுணுத்தது.

படியில் காலடி தடதடத்தது. விஜிதரன் கவ்வாத்துக் கத்தியோடு வந்து நின்றான். தேயிலைச் செடியின் கட்டைக் கிளையை ஒரே வீச்சில் சீவுகிற கத்தி அது. அவள் முகத்தைப் பார்த்தான், தண்டைப் பார்த்தான். கத்தியைத் தரையில் வைத்துவிட்டான்.

"கொஞ்சம் பொறு. நான் பிரிச்சிருவேன். ஞாயித்துக்கிழமை எவ்வளவு சிக்கு எடுத்திருக்கேன்."

"அண்ணே, வெட்டுண்ணே!" என்று கிருஷாந்தி அலறினாள்.

"சும்மா இரு. இத வெட்ட எனக்குக் கை வராது." அவன் விரல்கள் சிக்குக்குள் போயின. அவன் அழுவது ஜீவராணியின் காதுக்குப் பின்னால் கேட்டது. அவன் விரலும் இப்போது காத்தாடிக்குள் இருந்தது.

"கைய எடுங்க."

"இதோ, ஒரு கத்தை வந்துருச்சு."

அப்போது பள்ளத்துக்கு அப்பால் ஒலிபெருக்கி கரகரத்தது. அம்மன் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. கீழ்க்கணக்குக்குக் கரண்டு வந்துவிட்டது. அங்கே வந்தால், ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் இங்கே வரும் என்பது தோட்டத்துக் குழந்தைக்கும் தெரியும்.

"கத்திய என் கையில குடு" என்றாள் ஜீவராணி. புருசனை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல்தரம். கிருஷாந்திதான் எடுத்துக் கொடுத்தாள்.

பார்க்க முடியவில்லை. இடது கையால் பிடரி முடியைப் பிடித்துக்கொண்டு, கத்தியை அடியில் கொடுத்து, மேல்நோக்கி இழுத்தாள். முதல் இழுப்பில் பாதி. கழுத்தில் ரத்தம் சூடாக இறங்கியது. இரண்டாவது இழுப்பில் அவள் முன்னால் குப்புற விழுந்தாள். விஜிதரனையும் கட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் விழுந்தாள்.

விளக்கு எரிந்தது. காத்தாடி உறுமியது.

கருநாகம் ஒன்று இரும்புக்குள் புகுந்து தலையைத் தலையை அடித்துக்கொண்ட மாதிரி அந்தக் கூந்தல் சுழன்றது. பிறகு பிய்ந்தது. பிய்ந்து, கம்பிவலை வழியாகக் கிளம்பி, பச்சைக்கொழுந்து முழுக்க மழையாக விழுந்தது. மூன்று பேரும் வாய்பிளந்து பார்த்தார்கள். மேலே ஏறிவந்த இராமையாதான் முதலில் தலையில் கைவைத்தார்.

"ஐயோ, கொழும்புக்குப் போற தேயிலைம்மா! ஐயா நாலு மணிக்கு வந்துருவாரு. ஒரு முடி கண்டாலும் நம்ம எல்லாருக்கும் கணக்கு முடிஞ்சிரும்!"

பிழைத்தோம் என்று உட்காரக்கூட நேரமில்லை. கிருஷாந்தி கழுத்துக் காயத்தில் துணியைக் கட்டி, துவாலையைத் தலையில் சுற்றிவிட்டாள். ஜீவராணி கொழுந்துப் படுக்கை ஓரமாக நின்று தன்னுடைய முடியைத் தானே பொறுக்கத் தொடங்கினாள். கொழுந்து கிள்ளுகிற அதே வேகத்தில் இரண்டு கையும் போனது. சில இழைகள் அறுபடாத முழு நீளம், சில விரல் நீளம், எல்லாவற்றிலும் எண்ணெய் மினுக்கு. விஜிதரன் அவற்றை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டான்.

டீமேக்கர் ஐயா வந்தபோது அவர்கள் படுக்கையின் கடைசி ஓரத்தில் இருந்தார்கள். அவர் குனிந்தார். கொழுந்துக்குள்ளிருந்து ஒரே ஒரு முடியைத் தூக்கினார். அது வந்தது, வந்துகொண்டே இருந்தது. அவர் கையை உயர்த்தியும் முடிவு தெரியவில்லை.

"எங்கடா அந்த முடிக்காரி?" ஸ்டோரே அதிர்ந்தது. "இந்தத் தோட்டத்துல இவ்வளவு நீளம் வேற யாருக்கு? கூப்பிடு அவள!"

விஜிதரன் சட்டையை இறுக்கிப் பிடித்தான். ஐயாவின் பார்வை ஒவ்வொருவராகக் கடந்து, துவாலை கட்டியிருந்த ஜீவராணியின் முகத்தில் வந்து நின்றது.

"நீ யாரு? அவளப் பாத்தியா?"

முடியைத் தவிர அவள் முகத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"அவ இன்னைக்கு வரலீங்க ஐயா" என்றாள்.

"சாயங்காலம் கோயிலுக்கு வருவாள்ல. அங்க பிடிக்கிறேன்." முடியை விரலில் சுற்றிக்கொண்டே அவர் இறங்கிப் போனார்.

காலடிச் சத்தம் அடங்கியபிறகுதான் ஜீவராணி கொழுந்துப் படுக்கையின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூசைக்குப் போகவேணாம்" என்றான் விஜிதரன். "காய்ச்சல்னு சொல்லிருவோம்."

"போகணும். போகலைனாத்தான் தேடுவாரு." அவள் துவாலையை அவிழ்த்து, கலைந்து நின்ற மிச்சத்தைக் கையால் தடவினாள். கை சீக்கிரமே முடிந்துபோனது. "முடிக்காரியத்தான தேடுறாரு. தேடட்டும். நான் விளக்கோட வரிசையில நிக்கிறேன்."

பின்னால் காத்தாடி ஓடிக்கொண்டிருந்தது. வெறும் கழுத்தில் காற்று வந்து தொட்டது. அவள் உடம்பு தூக்கிப்போட, படியை நோக்கி முதல் ஆளாக ஓடினாள்.