கடைசிச் சக்கரம்

காலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டிய சைக்கிள் பயணம் ஒன்பது மணிக்கும் புறப்படவில்லை. அத்தான் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

அத்தான் நீர்வளத் துறையில் தலைமைப் பொறியாளராக இருந்தவர். அவர் வேலையை விட்டதில் ஓய்வு கிடைத்தது துறைக்குத்தான் என்பாள் அக்கா. பதவி போன பிறகு கையில் மிஞ்சிய அதிகாரத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் ஒரு சைக்கிள் சங்கம் தொடங்கி, அதற்குத் தன்னையே ஒருமனதாகத் தலைவராகத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். கால்வாய்க் கரையோடு மேற்கே முந்நூற்று இருபது கிலோமீட்டர். நாளுக்கு நாற்பது வீதம் எட்டு நாள். முடிவில் கடல்.

ஒரு கால்வாயை ஒட்டிச் சைக்கிள் ஓட்ட நாற்பத்தொரு விதிகள் வேண்டும் என்று அத்தானைத் தவிர வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. அவற்றைச் சிறு புத்தகமாக அச்சடித்து, எட்டுப் பேரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார். முன்னால் போகிறவர் ‘முன்னோடி’. விசில் அவர் கழுத்தில். அவரை யாரும் முந்தக் கூடாது. ஓட்டும்போது பேசக் கூடாது. சொல்ல வேண்டியதை ஓய்வு நேரத்தில் கையை உயர்த்திச் சொல்லலாம். விதி பதினெட்டு: அன்றைய தங்குமிடத்தை முதலில் அடைகிறவரே மறுநாள் முன்னோடி, சாமான் வேன் அவருக்குப் பின்னால்தான் போகும். யாரும் முந்தவே கூடாதென்றால் முதலில் போய்ச் சேர்வது யார் என்று எவரும் கேட்கவில்லை.

இளையவளுக்கு, அதாவது அக்காவின் தங்கைக்கு, வரிசையில் கடைசி இடம். புத்தகத்தில் அதன் பெயர் ‘கடைசிச் சக்கரம்’. பெண்பிள்ளைக்கு அதுதான் பத்திரம் என்றார் அத்தான். பெண்பிள்ளைக்கு வயது ஐம்பத்திரண்டு.

அதையும் விழுங்கிக்கொண்டாள். தபால் பிரிக்கும் கூடத்தில் அவளுக்கு இருபத்தாறு வருட வேலை. கால்வாய் கடலில் சேரும் துறைமுக ஊருக்கான பெட்டி அவள் வலது தோளுக்கு நேரே இருந்தது. அந்த ஊருக்கு லட்சக்கணக்கில் கடிதம் போட்டவள், ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. மேற்பார்வையாளர் முனகி முனகி எட்டு நாள் விடுப்புக் கொடுத்திருந்தார். இரவு பஸ்ஸில் திரும்பி, ஒன்பதாம் நாள் காலை அவள் கூடத்தில் நிற்க வேண்டும். ஒரு நாள் வீணானால் நாற்பது கிலோமீட்டர் குறையும். அப்புறம் கடல் இல்லை.

பேச்சு முடிந்ததும் போட்டோ. அத்தான் அழைத்து வந்த போட்டோக்காரர், வெயில் முதுகில் அடிப்பதால் முகமெல்லாம் கரியாகத் தெரிகிறது, திரும்பி நில்லுங்கள் என்றார். எட்டுச் சைக்கிளும் கிழக்கே திரும்பின. அத்தான் சுற்றி வந்து வரிசைக்கு முன்னால் நின்றார். பன்னிரண்டு படம் எடுத்தாயிற்று. வாயில் விசிலோடு இன்னொன்று என்றார் அத்தான். எடுத்தார்கள். விசில்தான் வாயிலேயே இருக்கிறதே, ஊதிவிட்டார். சைக்கிள்கள் பார்த்த திசையிலேயே கிளம்பிவிட்டன.

வெயில் கண்ணில் குத்தியபோதே இளையவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முதல் கல்லில் 321 என்று இருந்தது. கரையில் கிலோமீட்டருக்கு ஒரு கல். ஒவ்வொன்றிலும் கடலுக்கு இருக்கும் தூரம். அவள் முன்னால் போன பல் டாக்டரைக் கூப்பிட்டாள். காலமெல்லாம் பிறரை வாயைத் திறக்கச் சொன்ன மனிதர், உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு மிதித்தார்.

337ஆம் கல்லில் ஓய்வு. அவள் கையை உயர்த்தினாள். அத்தான் ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைத் துடைத்து, தண்ணீர் குடித்து, அப்புறம்தான் அவள் பக்கம் தலையசைத்தார்.

“அத்தான், நாம திரும்பணும். கடல் அந்தப் பக்கம். கல்லுல நம்பர் ஏறிக்கிட்டே போகுது பாருங்க.”

“ஏம்மா, இந்தக் கல்லையெல்லாம் நட்டதே எங்க துறை. எனக்கே கல்லு காட்டுறியா?”

பிறகு விளக்கம் வந்தது. இவை பழைய அளவைக் கற்களாம். எண்கள் தலைகீழாக ஓடுமாம். துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காதாம். வெயிலைப் பற்றிக் கேட்டதற்கு, வெயில் எல்லாப் பக்கமும்தான் அடிக்கும் என்றார். கடைசியில் பெருந்தன்மையோடு ஓட்டெடுப்பு நடத்தினார். நாம் சரியான வழியில் போகிறோம் என்று நினைப்பவர்கள் கையைத் தூக்குங்கள். ஆறு கைகள் எழுந்தன. அத்தான் இரண்டையும் தூக்கினார்.

பல் டாக்டர் அவள் பக்கம் சாய்ந்து, “எனக்கும் சந்தேகம்தாங்க. ஆனா முதல் நாளே எதுக்கு?” என்றார். தூக்கிய கையை அவர் இன்னும் இறக்கவில்லை.

அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. தப்பு நடந்ததற்காக அல்ல. கூடத்தில் தப்பு தினமும்தான் நடக்கும். வடக்கே போக வேண்டிய பை தெற்கு வண்டியில் ஏறும். பார்த்தவர் கத்துவார், ஏற்றியவர் ஓடிப்போய் இறக்குவார், அவ்வளவுதான். ஒரு கடிதம் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று அங்கே யாரும் கை தூக்கச் சொன்னதில்லை. இங்கே படித்த ஆறு பேர், வயசான ஆறு பேர், கல்லையும் சூரியனையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஒரு விசிலுக்குத் தலையாட்டுகிறார்கள்.

சைக்கிளைத் திருப்பினாள்.

“கடைசிச் சக்கரம் முன்னோடியை முந்தக் கூடாது,” என்றார் அத்தான்.

“முந்தலையே அத்தான். திரும்பித்தானே போறேன்.”

பதினேழு கிலோமீட்டரையும் கோபத்தில் மிதித்தாள். எதிர்க்காற்றைக் கிழிக்கக் கோபம் போல் நல்ல சாமான் வேறில்லை. புறப்பட்ட இடத்தில் பேனர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ‘கடலை நோக்கி’ என்ற எழுத்துக்கு அடியில் ஓர் ஆள் நீளத்துக்கு அம்பு, மேற்கே காட்டிக்கொண்டு. அதை வரையச் சொன்னவரும் அத்தான்தான். அவள் நிற்கவில்லை. மதகுகளில் தண்ணீர் இரைந்து இறங்கியது. கற்கள் ஒழுங்காகக் குறைந்தன. முந்நூறைத் தாண்டியதும் தொடை கெஞ்சியது. இருநூற்றுத் தொண்ணூறில் திட்டுவதற்குக்கூட மூச்சு இல்லை. ஆறு கைகளை நினைத்துக்கொண்டாள். கால் தானாக ஓடியது.

280ஆம் கல் அருகே மதகுக் காவலரின் பழைய வீட்டை விடுதியாக்கியிருந்தார்கள். எட்டுக் கட்டில், ஒரு அடுப்பு. காலையில் பேச்சின் நடுவிலேயே வேனை எடுத்துக்கொண்டு சாலை வழியாக வந்துவிட்ட அக்கா, பின்கதவைத் திறந்து போட்டு அதன் படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மணி ஐந்தரை.

“மத்தவங்க எங்கடி?”

இளையவள் சொன்னாள். அக்கா முதலில் தலையில் கை வைத்தாள். பிறகு சிரித்தாள், இருமல் வரும்வரை. அதற்குள் இளையவளின் போன் அடித்தது. அத்தான்.

“நீ வழி தவறிட்ட,” என்றார் எடுத்த எடுப்பில். “நாங்க ஏழு பேரும் ஒண்ணாத்தான் இருக்கோம். பயப்படாத. அங்கேயே இரு.”

360ஆம் கல்லில் இருந்தார்கள். தங்குமிடம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பம்பு அறை இருந்ததாம். ஆகவே கூட்டம் போட்டு, இன்று பயிற்சி நாள் என்று தீர்மானம் நிறைவேற்றியிருந்தார்கள். இன்றிரவு பக்கத்து ஊர் ஓட்டலில் தங்கல். இரண்டு நாளில் ஓட்டிக்கொண்டு வந்து சேர்வார்கள். அதுவரை அவளும் வேனும் காத்திருக்க வேண்டும்.

இரண்டு நாள். எண்பது கிலோமீட்டர். தோளுக்கு நேரே இருந்த பெட்டி நினைவுக்கு வந்தது. அக்கா போனை வாங்கிக்கொண்டாள். மறு கையில் வேனின் டாஷ்போர்டில் கிடந்த விதிப் புத்தகம்.

“ஏங்க, பதினெட்டு நீங்க எழுதினதுதானே? முதல்ல வந்து சேர்ந்தவங்கதான் நாளைக்கு முன்னோடி. வேன் அவங்க பின்னாடி.”

அந்தப் பக்கம் புத்தகம் புரட்டும் சத்தம் கேட்டது.

“அது என்னை மனசுல வச்சு எழுதினது.”

“அப்படின்னு இதுல போடலையே. பஸ் புடிச்சு வந்து சேருங்க. சைக்கிளை மேல கட்ட விடுவாங்க.”

“தலைவர் பஸ்ல வர்றதா?”

“பயிற்சி நாள்னு சொல்லிக்குங்க,” என்று வைத்துவிட்டாள்.

சாப்பிட்டு முடிக்கும்போது சங்கத்தின் வாட்ஸப் குழுவில் படம் வந்தது: ‘முதல் நாள் வெற்றி’. எல்லா முகமும் வெயிலில் பளபளத்தது. போட்டோக்காரர் தொழில் தெரிந்தவர்தான். ஓரத்தில் ஒருத்தி மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். கீழே பல் டாக்டர் முதல் ஆளாகக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். இளையவள் பல்லைக் கடித்துக்கொண்டு போனை அணைத்தாள்.

மறுநாள் ஆறு மணி அடித்தபோது அவள் சைக்கிளில் இருந்தாள். யாரும் பேசவில்லை, யாரும் ஊதவில்லை. வெயில் முதுகில் ஏறியது. 279ஆம் கல்லைத் தாண்டும்போது கரைக்கு மேலே சாலையில் வேனின் ஹாரன் இரண்டு முறை கேட்டது.