தலைவருக்குப் பின்னிய மஃப்ளர்

லூக்காஸைப் பழிவாங்க ஷிராணி எடுத்த ஆயுதம் பின்னல் ஊசி. குத்துவதற்கு அல்ல, குத்தினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அவளுக்கு நீண்ட வேலைதான் பிடிக்கும்.

லூக்காஸ் கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் மாதா கோயில் மண்டபக் கமிட்டித் தலைவர். போன வருஷம், விருந்தாளியாக வரவிருந்த வெளியூர்ப் பாதிரியாருக்குக் கொடுக்க ஒரு சுவெட்டர் வேண்டும் என்று ஷிராணியிடம் கேட்டார். மூன்று மாதம் கண் எரிய எரியப் பின்னினாள், மார்பில் கொழுந்து இலை வேலைப்பாட்டோடு. மேடையில் லூக்காஸ் மைக்கைப் பிடித்து, "இது என் வைஃப் றோஸ் கைப்பட பின்னுனது" என்றார். மண்டபமே கைதட்டியது. கடைசி வரிசையிலிருந்த ஷிராணியும் தட்டினாள். சுற்றியிருப்பவர்கள் தட்டும்போது சும்மா இருக்க முடியாதே! லூக்காஸ் சொன்ன பொய்யைக்கூட மன்னித்திருப்பாள். தன் கை தட்டியதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

அதே மேடையில், அதே மைக்கில், அதே வாயால் தன் பெயர் வரவேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

மண்டபத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் முதன்முதலில் செய்யும் பொருளை ஆண்டு விழாவில் தலைவருக்கு அணிவிக்க வேண்டும். அதோடுதான் அவர் பேசுவார். படம் நன்றாக வரும் என்று லூக்காஸே கொண்டுவந்த வழக்கம். காகிதக் கிரீடத்தோடு ஒரு வருஷம், ஓலைத் தொப்பியோடு ஒரு வருஷம் பேசியிருக்கிறார்.

ஷிராணி பின்னல் வகுப்புத் தொடங்கினாள். இருபத்து மூன்று பிள்ளைகள். பழகுகிறவர்களுக்கு மஃப்ளர்தான் சுலபம். வளைவு இல்லை, கை இல்லை, நேராகப் போகும். எல்லோருக்கும் சேர்த்து ஒரே மஃப்ளர், முறை வைத்து ஆளுக்குப் பத்துப் பத்து வரிசை. ஊசியில் இருபது நூல் வளையம், அதாவது இருபது கண்ணி, போட்டுக் கொடுத்து, "நுழை, சுத்து, இழு, விடு" என்று சொல்லிக்கொடுத்தாள். ஒரே வாரத்தில் பிள்ளைகள் தூக்கத்திலும் அதையே சொன்னார்கள்.

ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை: மூடுவது. கடைசி வரிசையில் ஒரு கண்ணியை அடுத்த கண்ணிமேல் ஏற்றி, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வரவேண்டும். மூடாமல் ஊசியை உருவினால் பின்னியதெல்லாம் பழையபடி நூலாகிவிடும்.

மூன்றாம் சனிக்கிழமை எட்டு வயது சுதர்சினி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இருபது கண்ணி இருந்திச்சு. இப்ப இருபத்தேழு இருக்கு."

வரிசை தொடங்கும்போது பிள்ளைகள் நூலை ஊசிக்கு மேலால் இழுத்துவிடுவார்கள். ஒரு கண்ணி இரண்டாகத் தெரியும், இரண்டையும் பின்னிவிடுவார்கள். புதிதாகப் பழகுகிற எல்லோரும் விடுகிற பிழை. திருத்த அரை நிமிடம் போதும்.

"நல்ல ஜாதி நூலும்மா. குட்டி போடுது" என்றாள் ஷிராணி. "நீங்க பின்னுங்க."

பின்னினார்கள். ஊசி போதாமல் சைக்கிள் கம்பி வந்தது, குடைக்கம்பி வந்தது. நூல் தீர்ந்ததும் வீடுகளிலிருந்த பழைய சுவெட்டர்களைப் பிரித்தார்கள். ஒரு பிள்ளையின் தாத்தா கபிரியேல் மாஸ்டர் சுவெட்டரோடு மத்தியானம் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்து, எழும்பியபோது கழுத்துப்பட்டி மட்டும் மிச்சமிருந்ததாம். அவரே சொன்னது, பொய்யாக இருக்காது.

ஆண்டு விழாவன்று மஃப்ளர் மூன்று ஆட்டோவில் வந்து, பிள்ளைகள் தோளில் மண்டபத்துக்கு ஏறியது. தலை மேடையைத் தொட்டபோது வால் பஸ் நிற்கும் ஹோல்டில் இருந்தது. கண்டிக்குப் போகிற பஸ் கால் மணி நேரம் நின்றது. உள்ளே இருந்த இரண்டு பேர் ஏதோ மாதா சிலையைச் சுமந்து போகும் சுரூப பவனி என்று சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

லூக்காஸ் சிரித்தபடி கழுத்தை நீட்டினார். பிள்ளைகள் அவரைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். கழுத்து போனது, தோள் போனது, இரண்டு கையும் உள்ளே போய் முழங்கால்வரை மறைந்தது. கண்ணிகள் நிறைந்த கம்பிகள் மட்டும் அவர் மூக்குக்கு நேரே வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. யாரோ மைக்கை வாயருகே நகர்த்தி வைத்தார்கள்.

"போதும் பிள்ளைங்களா, கழட்டுங்க. மூச்சு முட்டுது."

"அசையாதீங்க அங்கிள்!" சுதர்சினி அலறினாள். "கண்ணி கழண்டா எல்லாம் பிரிஞ்சிடும்!"

இருபத்து மூன்று பிள்ளைகளும் அழத் தயாரானார்கள். முன்வரிசையில் பெற்றோர், அடுத்த வாரம் கமிட்டித் தேர்தல். லூக்காஸ் அசையவில்லை.

"அப்ப யாராவது வந்து முடிச்சு விடுங்களேன்."

ஷிராணி கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள். "எதுக்கு யாரோ? றோஸ் அக்கா இருக்காங்களே. அவ்வளவு அழகா சுவெட்டர் பின்னுனவங்களுக்கு மஃப்ளர் மூடத் தெரியாதா?"

கைதட்டல் எழுந்தது. இந்த முறை ஷிராணி மனமாரத் தட்டினாள்.

றோஸ் முன்வரிசையில் எழுந்து நின்றார். புருஷனை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு பட்டன் தைக்கவே வராது. அந்த சுவெட்டர நான் கையால தொட்டதுகூட இல்ல. ஒரு வருஷமா ஊர்ல பாக்குறவங்க எல்லாம் எனக்கும் ஒண்ணு பின்னித் தாங்கன்னு கேட்டு, நான் கடைக்கும் சுத்து வழியிலதான் போறேன். நீங்களே சொல்லுங்க, யாரு பின்னுனது?"



"ஷிராணி" என்றார் லூக்காஸ், கம்பளிக்குள்ளிருந்து.

"சத்தமா சொல்லுங்க, பின்னுக்கு கேக்கல" என்றார் றோஸ்.

ஷிராணி மேடை ஏறினாள். கம்பியைக் கையில் எடுத்து எண்ணினாள். நானூற்றுப் பதினாறு கண்ணி.

"தலைவர், நான் ஒவ்வொண்ணா மூடுறேன். ஒரு கண்ணிக்கு ஒரு தடவை சொல்லுங்க. நிப்பாட்டினா நானும் கையை விட்டுடுவேன்."

"சுவெட்டர் பின்னுனது ஷிராணி."

ஒன்று மூடினாள்.

"சுவெட்டர் பின்னுனது ஷிராணி."

நூறாவது கண்ணியில் லூக்காஸுக்குக் குரல் கட்டியது. றோஸ் கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவந்து பருக்கிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். பெற்றோர் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. இருநூறில் பிள்ளைகள் மேடைக்கு வந்து, மூடுவது எப்படி என்று விரலுக்கு விரல் பார்த்துப் படித்துக்கொண்டார்கள். சுதர்சினி தானே பத்துக் கண்ணி மூடினாள், பிழையில்லாமல்.

நானூற்றுப் பத்து. லூக்காஸின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

நானூற்றுப் பதினைந்து.

ஷிராணி நின்றாள். மூடிய வரிசையைத் தூக்கி, கண்ணாடியைச் சரிசெய்து, நெடுநேரம் பார்த்தாள்.

"அடடா! நடுவுல ஒரு கண்ணி விட்டுப்போச்சே."

அப்படி ஒன்றும் விட்டுப்போகவில்லை. பக்கத்தில் நின்ற சுதர்சினிக்கு அது தெரியும். அவள் டீச்சரைப் பார்த்தாள், அங்கிளைப் பார்த்தாள், வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஷிராணி மூடியதையெல்லாம் மெதுவாக உருவி, நானூற்றுப் பதினாறு கண்ணியையும் மறுபடி கம்பியில் ஏற்றினாள்.

"முதல்லருந்து வருவோம், தலைவர்."